முற்றத்தில் நின்ற மனு

பானு முஷ்தாக் 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றபோது, முஸ்லிம் பெண்களின் வீட்டுக்குள்ளிருந்து பேசியவர் என்றே பெரும்பாலும் கொண்டாடப்பட்டார். கர்நாடகத்தின் ஹாசன் நகரில் அவர் வழக்கறிஞர், 'லங்கேஷ் பத்திரிகெ'யில் அரசியல் எழுதியவர் என்பது வாழ்க்கைக் குறிப்போடு நின்றுவிட்டது. எனக்கு அவருடைய கதைகள் முதலில் ஒரு வக்கீலின் கதைகள்.

'கரி நாகரகளு' (கருநாகங்கள்) கதையை எடுத்துக்கொள்வோம். மூன்றும் பெண்ணாகப் பிறந்ததால் கணவனால் கைவிடப்பட்ட அஷ்ரஃப், நோயுற்ற குழந்தையோடு முத்தவல்லியிடம் நியாயம் கேட்கிறாள். அவர் இழுத்தடிக்கிறார். பள்ளிவாசல் முற்றத்திலேயே குழந்தை இறந்துபோகிறது.

இவள் ஏன் கோர்ட்டுக்குப் போகவில்லை என்றுதான் முதல் வாசிப்பில் கேட்டேன். சட்டம் இருக்கத்தான் செய்தது. ஷா பானு தீர்ப்புக்குப் பின் வந்த 1986ஆம் ஆண்டுச் சட்டம் விவாகரத்தான பெண்ணின் ஜீவனாம்ச உரிமையைச் சுருக்கியது. ஆனால் குழந்தைகளின் உரிமையைத் தொடவில்லை. 1997இல் நூர் சபா கத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதை உறுதிசெய்தது. அஷ்ரஃபின் பக்கம் நியாயம் மட்டுமல்ல, சட்டமும் இருந்தது. ஆனால் மருந்து இன்றே வேண்டும். வக்கீல் ஃபீஸ், பஸ் காசு, வாய்தாவுக்கு மேல் வாய்தா, உத்தரவு வந்தபின் பணத்தை வசூலிக்க இன்னொரு மனு. இவ்வளவு தூரம் நடக்க முடியாதவள் எட்டு வைத்துப் போகக்கூடிய இடம் பள்ளிவாசல் முற்றம்தான்.

கதையில் படித்த பெண்ணொருத்தி, மார்க்கம் பெண்ணுக்குத் தந்த உரிமைகளை எடுத்துச் சொல்கிறாள். அந்தப் பேச்சு வக்கீல் வாதம் போல நீள்கிறது. கதையாக அது தொய்வுதான். ஆனாலும் அதை வெட்டிவிட எனக்கு மனமில்லை. அதில் சொன்னதெல்லாம் சரி, அத்தனை சரியும் சேர்ந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றவில்லை. உரிமையை அறிந்திருப்பதும் அதை அடைவதும் வேறு வேறு என்பதைத் தினமும் கோர்ட்டில் பார்க்கிறவர்தான் இப்படி எழுத முடியும்.

'அவர்கள் சமூகமே இப்படித்தான்' என்று இக்கதையை மூடி வைப்பவர்கள், எந்தக் குடும்ப நீதிமன்றத்தின் வராண்டாவிலும் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். அங்கே எல்லா மதத்துப் பெண்களும் காத்திருக்கிறார்கள். பானுவோ வெளியே நின்று விரல் நீட்டியவர் அல்ல. பள்ளிவாசலில் தொழும் உரிமை பெண்களுக்கும் உண்டு என்று 2000இல் பேசியதற்காக ஊர்விலக்குக்கு ஆளானவர். அதே ஊரில் தொடர்ந்து வாழ்பவர்.

கதையின் முடிவில் பெண்கள் முத்தவல்லியைச் சபிக்கிறார்கள். என்னை அதைவிட உலுக்குவது அவருடைய மனைவி. கருத்தடை ஆபரேஷனுக்குக் கணவர் சம்மதிக்கமாட்டார் என்று இத்தனை நாள் காத்திருந்தவள், இம்முறை யாரிடமும் மனுப் போடாமல் கிளம்பிப் போகிறாள்.