டோவர் ஒப்பந்தமும் அதன் ஆராய்ச்சியாளர்களும்

1670-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் தேதி இங்கிலாந்தின் அரசனான இரண்டாம் சார்லஸுக்கும் பிரான்ஸின் பதினான்காம் லூயிக்கும் இடையே டோவர் துறைமுகத்தில் கையொப்பமான ரகசிய ஒப்பந்தத்தைப் பற்றிக் கடுஞ்சொல் கூறாத சரித்திராசிரியர் அபூர்வம். ஆயினும் அதன் முழு வாசகத்தையும் அச்சில் காண உலகம் ஏறக்குறைய 160 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1770-களில் டால்ரிம்பிள் என்ற ஸ்காட்லாந்துக்காரர், பிரெஞ்சுத் தூதர்களின் கடிதங்களை வெளியிட்டு, சார்லஸ் மட்டுமின்றி அவனை எதிர்த்து நின்றவர்களிற் சிலரும் லூயியின் திரவியத்தைப் பெற்றவர்களே என்று காட்டினார். பின்னர், கையொப்பமிட்டவர்களுள் ஒருவரான கிளிஃபர்டின் வம்சத்தார் பாதுகாத்து வந்த பிரதியைக் கொண்டு, கத்தோலிக்கப் பாதிரியாரான ஜான் லிங்கார்டு தம் இங்கிலாந்துச் சரித்திரத்தில் ஒப்பந்தத்தை முழுவதுமாகப் பதிப்பித்தார். சில ஆண்டுகளுக்குள் மிஞே பிரெஞ்சு ஆவணங்களையும் அச்சேற்றினார்.

இவ்வாறு வெளிப்பட்ட சான்றுகளைக் கையில் எடுத்துக்கொண்ட மெக்காலே, பணத்துக்காக நாட்டின் மானத்தை விற்ற அரசனாகச் சார்லஸைச் சித்திரித்தார். அந்தச் சித்திரத்தின் வர்ணங்கள் இன்றளவும் மங்கவில்லை. 1930-இல் கீத் ஃபைலிங் அக்காலத்து வெளிநாட்டுக் கொள்கையை ஐரோப்பிய அரசுகளின் பரஸ்பர அச்சங்களோடு சேர்த்து ஆராய்ந்த பிறகே, ஒரு மனிதனின் குணதோஷத்தை மட்டும் எடைபோடும் வழக்கம் சற்றுத் தளர்ந்தது. அடுத்த ஆண்டில் வந்த ஆர்தர் பிரையன்டின் ஜீவிய சரித்திரமோ அனுதாபத்தில் மிதமிஞ்சிப் போயிற்று. மன்னனின் ஒவ்வொரு வழுக்கலுக்கும் தேச நலன் என்ற காரணத்தைக் கற்பிப்பது நியாயமாகாது.

சார்லஸ் நின்ற இடத்தைச் சற்று நினைவுகூர வேண்டும். 1660-இல் அவன் அடைந்த சிம்மாசனத்தோடு கூட வந்தது வறண்ட பொக்கிஷம். போர்ச்சுகல் ராஜகுமாரியை மணந்து டாஞ்சியரையும் பம்பாயையும் சீதனமாகப் பெற்றான். டன்கர்க்கைப் பிரான்ஸுக்கு விற்றான். பம்பாயை ஆண்டுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தான். 1667 ஜூனில் டச்சுக் கப்பற்படை மெட்வே ஆற்றுக்குள் புகுந்து, ஆங்கிலக் கப்பல்களைக் கொளுத்தி, அவனுடைய பெயர் தாங்கிய போர்க்கப்பலையே இழுத்துச் சென்றது. அந்த அவமானத்துக்குப் பின், 1668 ஜனவரியில் அதே டச்சுக்காரரோடும் ஸ்வீடனோடும் கூடிப் பிரான்ஸைத் தடுக்க முக்கூட்டு உடன்படிக்கை செய்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் லூயியை நாடி ரகசியமாகத் தூது விட்டுக்கொண்டும் இருந்தான். இரண்டு தோணியில் கால் வைத்தவன் என்று அவனைப் பழிப்பது எளிது. ஆனால் இரண்டு வல்லரசுகளும் ஒன்று சேர்ந்தால் இங்கிலாந்து தனித்து நிற்க நேரும் என்ற பயம் வீண்பயமன்று.

ஒப்பந்தத்தின் ஷரத்துக்களை அருகிருந்து படிக்கையில்தான் விஷயம் துலங்குகிறது. கத்தோலிக்க மதத்தின் சத்தியத்தில் தனக்கு நம்பிக்கை பிறந்துவிட்டதாகவும், ராஜ்யத்தின் நிலைமை இடங்கொடுக்கும்போது அதைப் பிரசித்தப்படுத்துவதாகவும் சார்லஸ் கூறுகிறான். அதற்காக லூயி 20 லட்சம் லிவ்ர் தருவான், குடிகள் கலகம் செய்தால் 6,000 காலாட்படையினரையும் அனுப்புவான். ஹாலந்தின்மேல் தொடுக்கும் யுத்தத்துக்கு ஆண்டுதோறும் 30 லட்சம் லிவ்ர். மதப் பிரகடனத்துக்குத் தேதி குறிக்கப்படவேயில்லை. அதை நிர்ணயிக்கும் உரிமை சார்லஸிடமே இருந்தது. பணம் பெறுகிறவன் கையிலேயே காலத்தை விட்டுவைத்த இந்த ஏற்பாட்டைக் காணும்போது, ஏமாந்தவன் சார்லஸ் என்று எழுதியவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

அந்த மதவிசுவாசம் உண்மையா என்ற வினா இத்துறையில் தீராத வழக்கு. 1669 ஜனவரி 25-இல் சார்லஸ் தம்பி ஜேம்ஸையும் நம்பிக்கைக்குரிய சிலரையும் அழைத்துத் தன் மனமாற்றத்தைக் கண்ணீரோடு வெளியிட்டான் என்ற செய்தி ஜேம்ஸின் நினைவுக் குறிப்புகள் வழியாகவே நமக்குக் கிடைத்தது. மதத்தின்பொருட்டு முடியையே இழந்த ஒருவரின் சாட்சியம் அது என்பதை மறக்கலாகாது. 1986-இல் ரொனால்ட் ஹட்டன் ஒப்பந்தம் உருவான வரலாற்றை அடியிலிருந்து மறுபடியும் ஆராய நேர்ந்தது இத்தகைய ஐயங்களால்தான். 1685-இல் மரணப் படுக்கையில் சார்லஸ் கத்தோலிக்கனானான். அதைக் கொண்டு பதினைந்து ஆண்டுகளுக்கு முந்திய மனநிலையை அளப்பது துணிச்சலான அனுமானம்.

ஒப்பந்தத்தைவிடவும், லூயியின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டிருந்த தன் தங்கை ஹென்ரியெட்டாவுக்குச் சார்லஸ் எழுதிய கடிதங்களே எனக்கு நம்பத்தக்கனவாகத் தோன்றுகின்றன. 1934-இல் ஹார்ட்மன் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். 1668 செப்டம்பர்க் கடிதம் ஒன்றில், பிரான்ஸ் வாணிபத்தைப் பெருக்கிக் கடலில் வல்லமை தேட முனைவதே இரு நாடுகளுக்குமிடையிலான நட்புக்குப் பெருந்தடை என்று அண்ணன் தங்கைக்கு எடுத்துரைக்கிறான். அன்பு பொங்கும் அக்கடிதத்திலும் கப்பலையும் வியாபாரத்தையும் மறவாதவனை வெறும் கூலிக்காரன் என்பது பொருந்தாது. உடன்படிக்கைக்குப் பாலமாக நின்ற அந்தச் சகோதரி, கையொப்பமான சில வாரங்களுக்குள் இருபத்தாறாம் வயதிலேயே மாண்டாள்.

டோவருக்கே எல்லா வெளிச்சமும் பாய்ந்ததால் 1681 இருளில் கிடக்கிறது. டச்சு யுத்தம் 1674-இல் பயனின்றி முடிந்தது. ஆனால் 1681 மார்ச்சில், பிரெஞ்சுத் தூதர் பாரியோன் மூலம் லூயியோடு வாய்மொழியாகச் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மூன்றாண்டுகளுக்கான மானியம் உறுதியாயிற்று. ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய பார்லிமெண்டை ஒரு வாரத்திலேயே கலைத்த சார்லஸ், சாகும்வரை மற்றொன்றைக் கூட்டவில்லை. இங்கிலாந்தின் ராஜ்ய அமைப்பை அந்நியப் பணம் எவ்வளவு தூரம் திருப்ப வல்லது என்பதை அறிய விரும்பும் ஆராய்ச்சியாளர், கையொப்பமில்லாத அந்த ஏற்பாட்டைத்தான் இனி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.