புதிய இனமும் பழைய பானைகளும்

எகிப்து என்றதும் நமக்குப் பிரமிட்டுகளும் பிர்அவ்ன்களுமே நினைவுக்கு வருகின்றன. அவர்களுக்கும் முந்திய எகிப்தின் புதைகுழிகளை விவரிக்கும் நூலொன்றை அண்மையில் மீண்டும் படித்தேன். பிளின்டர்ஸ் பீற்றியும் குவிபெல்லும் 1896இல் வெளியிட்ட 'நகாதாவும் பல்லாஸும்' என்பதே அது.

மேல் எகிப்தில், நைலின் மேற்குக் கரையில், 1894-95 பருவத்தில் அகழப்பட்டவை அவை. முழங்கால் மடக்கி ஒருக்களித்துக் கிடத்தப்பட்ட உடல்கள். சக்கரமின்றிக் கையால் வனைந்த, வாய்ப்புறம் கறுத்த செம்மட்பானைகள். பீற்றி அறிந்திருந்த எகிப்தில் இத்தகையவை இல்லை. எனவே, இது வெளியிலிருந்து வந்த 'புதிய இனம்' என்றும், பழைய இராச்சியம் சரிந்தபின் வந்தது என்றும் முடிவு செய்தார். பானைகளை வகைப்படுத்தி வரைந்ததில் அவர் காட்டிய நிதானம் இம்முடிவில் இல்லை. தனக்குப் பழக்கமில்லாதது அந்நியருடையது என்ற எண்ணம் சான்றுகளை முந்திக்கொண்டது.

இவர்கள் வம்சங்களுக்கு முந்திய எகிப்தியரே என்று டி மோர்கன் மறுத்தெழுதினார். பீற்றி பின்னர் அதை ஏற்றுக்கொண்டார், ஏற்றதோடு நிற்கவுமில்லை. 900 புதைகுழிகளின் பொருட்களைத் தாள் கீற்றுகளில் குறித்து, அலைவடிவப் பிடிகொண்ட சாடிகளில் அப்பிடி படிப்படியாகத் தேய்ந்து வெறுங்கோடாவதைத் துணைகொண்டு, அவற்றை முன்பின்னாக வரிசைப்படுத்தி 1901இல் வெளியிட்டார். இன்னும் பழையது கிடைக்கலாம் என்று 1 முதல் 29 வரையான எண்களை வெறுமையாக விட்டு, 30இலிருந்து தொடங்கினார். 1920களில் பதாரிப் பண்பாடு வெளிப்பட்டபோது அந்த இடம் பயன்பட்டது. ஆய்வாளரொருவரின் அடக்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எனினும் அவரைப் போற்றி முடித்துவிட என்னால் இயலவில்லை. 1939இல் வெளிவந்த 'எகிப்தின் உருவாக்கம்' நூலிலும், படையெடுத்து வந்த 'வம்ச இனம்' நாகரிகத்தைக் கொண்டுவருகிறது. காலக்கணிப்பைத் திருத்தியவர் கண்ணோட்டத்தைத் திருத்தவில்லை. பதாரி, நகாதா வழியாக, கி.மு. 3100 அளவில் தோன்றிய முதலாம் வம்சம் வரை, அந்த நாகரிகம் அயலாருடன் கொண்ட வணிகத் தொடர்புகளோடு நைல் பள்ளத்தாக்கிலேயே வளர்ந்தது என்பதே இன்றைய ஆய்வாளர்களின் பொதுவான முடிவு.

ஆயினும் நூலை நான் ஒதுக்கமாட்டேன். பின்வந்தோர் பீற்றியின் புதைகுழிக் குறிப்புகளையே எடுத்து மீளாய்வு செய்தனர். தான் கண்டதை ஒளிக்காமல் எழுதிவைத்ததால் அவரது பிழையையும் நம்மால் காணமுடிகிறது. பழக்கமில்லாத ஓர் எழுத்தைக் கண்டவுடன் 'இது எங்கிருந்தோ வந்தது' என்று தீர்ப்பெழுதும் நமது விமர்சகர்களும் இந்நூலை ஒருமுறை படிப்பது நன்று.