அறுத்தது யார்?

2024 பிப்ரவரி 18இல் ஏமன் கிளர்ச்சியாளர்களான ஹூதிகளின் ஏவுகணை பட்ட ரூபிமார் என்ற உரக்கப்பல் உடனே மூழ்கிவிடவில்லை. நங்கூரத்தை இறக்கிவிட்டு மாலுமிகள் தப்பினார்கள். ஆளில்லாத கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே செங்கடலின் தெற்கில் நாள்கணக்கில் மிதந்தது. 24ஆம் தேதி மூன்று கடலடிக் கேபிள்கள் அறுந்தன. கப்பல் மூழ்கியது மார்ச் 2இல்.

ஹூதிகள் திட்டமிட்டு அறுத்தார்கள் என்ற பேச்சு நிற்காது. அவர்கள் மறுத்தார்கள் என்பதால் சொல்லவில்லை. போர்க்கால மறுப்பை யார் நம்புவார்? கப்பல் மிதந்த தடமும் கேபிள் அறுந்த நேரமும் பொருந்துகின்றன. ஆழ்கடல் கேபிள் என்பது, தர்மபுரி மாவட்டம் அரூர்ப் பக்கம் மரவள்ளிக்குப் போடும் சொட்டுநீர்க் குழாய் பருமன்தான். ஆழம் குறைந்த இடங்களில் இரும்புக் கம்பி சுற்றிப் போட்டாலும், டன் கணக்கில் எடையுள்ள நங்கூரத்துக்கு அது எம்மாத்திரம்?

ஆசிய–ஐரோப்பியத் தகவல் போக்குவரத்தில் 25 சதவீதம் பாதிப்பு என்று ஹாங்காங்கின் எச்.ஜி.சி. நிறுவனம் மதிப்பிட்டது. அதைப் படித்துவிட்டு அரூரில் வாட்ஸ்அப்பே நின்றிருக்கும் என்று எண்ண வேண்டாம். போக்குவரத்தை மற்ற கேபிள்களில் திருப்பிவிட்டார்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் கேபிள்களுக்குச் செங்கடலோடு வேலையே இல்லை. அந்த எண் பயமுறுத்திய அளவுக்கு நிலைமை மோசமில்லை.

மோசமானது பிறகு நடந்ததுதான். முன்பு 2004இல் கொழும்புத் துறைமுகத்துக்கு அருகே ஸ்டேட் ஆஃப் நாகாலாந்து என்ற இந்தியக் கப்பலின் நங்கூரம் கேபிளை அறுத்தபோது, கப்பலையே பிடித்து வைத்து நஷ்டஈடு கேட்க முடிந்தது. ரூபிமாரோ கடலடியில் கிடக்கிறது. பழுதுபார்க்கும் கப்பல் போவதற்குள், ஒரே நாட்டில் இரண்டு தரப்பு அதிகாரம் கோரும் ஏமனின் அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

ஆக, அறுத்தது நங்கூரம்; வழிவிட்டது நம் கேபிள் அமைப்பு. சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாப் அல்-மண்டப் நீரிணைக்குள் இத்தனை கேபிள்களைத் திணித்ததற்குப் பூகோளத்தைச் சாக்காகச் சொல்லலாம். மும்பையில் பெரும்பாலான கேபிள்களை வெர்சோவாவின் சில கிலோமீட்டருக்குள் கரையேற்றியதற்கு அந்தச் சாக்கும் இல்லை. இந்தியக் கொடியுள்ள பழுதுபார்ப்புக் கப்பலுக்கு வழி ஆராயும்படி 2023 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. ரூபிமார் சம்பவம் அதற்கு எட்டு மாதம் கழித்து நடந்தது. அந்தப் பழுதுபார்ப்புக் கப்பலைத்தான் அரசு முதலில் வாங்க வேண்டும். புதிய கேபிள் திறப்பு விழாக்களை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.