கல்யாணத்துக்குப் போன வீட்டையும் பாருங்கள்

தேவாரம், போடிப் பக்கமிருந்து காரைக்குடிக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். மண்டபமாக இருப்பது பழைய நகரத்தார் வீடு என்றால் அந்த நேரமும் போதாது.

பர்மா வணிகத்தில் வந்த பணத்தில் எழுந்தவை இந்த வீடுகளில் பல. 1942-இல் இரண்டாம் உலகப் போர் அங்கே எட்டியதும் அந்த வருமானம் நின்றது. பங்காளிகள் பல ஊர்களுக்குப் பிரிந்தார்கள், வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவற்றில் சில இப்போது விருந்தினருக்கும் விசேஷங்களுக்கும் திறந்திருக்கின்றன. கானாடுகாத்தான் 'விசாலம்', கடியாபட்டி 'சிதம்பர விலாஸ்' ஆகியவை அந்த வகையே. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று சொந்தபந்தம் கூடுவதற்காகவே கட்டிய வீடுகள் என்பதால், விசேஷம் நடக்கும்போதுதான் இவற்றின் அமைப்பு நன்றாகப் புரியும்.

வாசலில்: முகப்பில் நின்று நேராகப் பாருங்கள். நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் பின்கட்டு வரை போகும். முகப்பு வரவேற்புக்கு, வளவு எனும் நடுமுற்றம் சடங்குக்கு, அடுத்த கட்டு பந்திக்கு, கடைசிக் கட்டு சமையலுக்கு. மணமேடையும் பூ அலங்காரமும் இந்தக் கோட்டை மறைக்காமல் இருந்தால், பொறுப்பில் இருப்பவர்கள் வீட்டைப் புரிந்துகொண்டவர்கள்.

வளவில்: அண்ணாந்து பாருங்கள். வானம் தெரிகிறதா? நாலு பக்கக் கூரையின் மழைநீரும் இங்கே இறங்கி வெளியேறும், சூடான காற்று இந்த வழியே மேலே போகும். இந்தத் திறப்பைத் தகடு போட்டு மூடினால் வீடு புழுங்கும். சுற்றிலும் இருக்கும் சின்ன அறைகளையும் கவனியுங்கள். மணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஒன்று, அவரவர் சாமான் வைத்துக்கொள்ள.

சுவரில்: உள்ளங்கையை வையுங்கள். சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பல பூச்சாகத் தேய்த்த சுவர் பளிங்குபோல் வழுவழுப்பாக, குளிர்ச்சியாக இருக்கும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு உப்பிப் பெயர்ந்துவிடும். ஓரிடத்தில் மட்டும் சுவர் பொருபொருவென்று உதிர்ந்தால், அவசரத்தில் பார்த்த வேலையாக இருக்கலாம்.

தரையில்: செருப்பைக் கழற்றிவிட்டு நடங்கள். இங்கே பதித்திருக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் சூளையில் வேகாதது. கண்ணாடிமேல் சாயக் கலவையைக் கையால் ஊற்றி, சிமெண்டும் மணலும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அதனால் ஒரு பூவும் பக்கத்துப் பூவும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. மாற்றிய கல் கொஞ்சம் நிறம் கூடித் தெரிந்தால் குறை சொல்லாதீர்கள். முழுத்தரையையும் பெயர்க்காமல் உடைந்ததை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த வீடுகளை விசேஷங்களுக்கு விடுவதால் வரும் வாடகைதான் ஓடு மாற்றவும் கொத்தனாருக்குக் கூலி கொடுக்கவும் உதவுகிறது. நம் பக்கத்திலும் ஏலக்காய் வியாபாரத்தில் எழுந்த பழைய வீடுகள் உண்டு. இடிப்பதென்று முடிவெடுக்கும் முன், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். வீட்டின் அடுத்த கல்யாணத்தை அங்கேயே வைக்க முடியுமா என்று அவரிடம் கேளுங்கள்.