காவிரிக் கதைகளும் கேமரா போகாத வயல்களும்

மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகமாக வந்தது. தஞ்சாவூர், பழையாறை, கடம்பூர், கோடியக்கரை என்று கதை முழுக்கச் சோழ நாட்டு ஊர்ப்பெயர்கள். படப்பிடிப்பு நடந்ததோ மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சாவிலும் மகேஷ்வரிலும், ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டியிலும், தாய்லாந்திலும், பொள்ளாச்சிப் பக்கத்திலும். ஒளிப்பதிவாளர் ரவி வர்மன் தஞ்சை மாவட்டத்துக்காரர். முதல் பாகத்துக்குத் தேசிய விருதும் பெற்றார். சொந்த மண்ணின் மிகப் பெரிய கதையை அவர் வேற்று மண்ணில் நின்றுதான் எடுக்க வேண்டியிருந்தது. படம் வெளியானபோது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நாவலில் வரும் ஊர்களுக்கு மூன்று நாள் சுற்றுலா அறிவித்தது. அந்த வண்டியில் ஏறியவர்கள் பார்த்த ஊர்கள் படத்தில் இல்லை. படத்தில் பார்த்த இடங்கள் அந்த வழியில் இல்லை.

இதற்காகப் படக்குழுவைக் குறை சொல்வது நியாயமாகாது. சோழர் அரண்மனை ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. தஞ்சாவூரில் நாம் பார்க்கும் அரண்மனை நாயக்கரும் மராட்டியரும் கட்டியது. ஆனால் ஓர்ச்சாவின் குவிமாடங்கள் புந்தேல மன்னர்கள் எழுப்பியவை. சோழர் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. பழைய கல்லாக இருந்தால் போதும், எந்தப் பழமை என்று யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம் பார்வையாளனுக்குச் செய்யும் குறை. பெரிய கோயிலின் விமானத்தைப் பார்த்து வளர்ந்த கண் அந்தக் குவிமாடத்தில் இடறத்தான் செய்யும்.

அப்படியானால் பெரிய கோயிலிலேயே எடுத்திருக்கலாமே என்ற கேள்வி பழையது. ஏ.பி. நாகராஜன் 1973-இல் 'ராஜராஜ சோழன்' எடுத்தபோதும் அது எழுந்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம்; சிவாஜி கணேசன் ராஜராஜன். கோயிலில் எடுக்க அனுமதி கிடைக்காததால் சென்னையில் வாசு ஸ்டுடியோவில் கோயிலைச் செட் போட்டார்கள். மத்தியத் தொல்லியல் துறையின் 1959-ஆம் ஆண்டு விதிகள் தெளிவானவை: உரிமம் இல்லாமல் படம் எடுக்கக்கூடாது, கூரை போட்ட எந்தப் பகுதிக்குள்ளும் படப்பிடிப்பு நுழையக்கூடாது, அங்கு முறையாக வந்திருப்பவர்களுக்கு இடைஞ்சல் கூடாது. என்னைக் கேட்டால் இந்தக் கெடுபிடி வேண்டியதுதான். 1010-இல் முடிந்த கோயில் அது. இன்றும் பூசை நடக்கிறது, பிரதோஷத்துக்குக் கூட்டம் நெரிகிறது. விளக்கும் கிரேனும் ஜெனரேட்டரும் அங்கே வேண்டாம்.

ஆனால் வயலுக்குத் தொல்லியல் துறையின் பூட்டு எதுவும் கிடையாது. வெண்ணாற்றங்கரையையும் குடமுருட்டிக் கரையையும் அந்த விதிகள் கட்டுப்படுத்தாது. இருந்தும் தமிழ் சினிமா தனக்கு வேண்டிய நெல்வயல் பச்சையைப் பெரும்பாலும் கோபிச்செட்டிபாளையத்திலும் பொள்ளாச்சியிலும்தான் தேடிக்கொண்டது. கொடிவேரி அணையின் வாய்க்கால் பாயும் கோபிக்குக் 'குட்டிக் கோடம்பாக்கம்' என்றே பெயர். காரணம் எனக்குப் புரிகிறது. அங்கே வயலுக்குப் பின்னால் மலை நிற்கிறது. காவிரி டெல்டாவில் மலை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்கெட்டிய தூரம் சமதளம்தான். ஃபிரேமின் மேல்பாதியை வெறும் வானம் எடுத்துக்கொள்ளும். வரப்போ ஒரு ஆள் நடக்கும் அகலம். அதில் டிராலி ஓடாது. இதற்கெல்லாம் மேலே தண்ணீர்க் கணக்கு இருக்கிறது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை. திறக்காவிட்டால் அந்தப் பருவத்து வயல் வெடித்துக் கிடக்கும். சம்பா தழைத்து நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும். நடிகரின் தேதிக்காகப் பயிர் காத்திருக்காது.

இந்தத் தடைகளையே கதையாக எடுத்துக்கொண்டவர்கள் இந்த மண்ணிலிருந்து வந்தவர்கள். மன்னார்குடிப் பக்கத்து சற்குணம் 2010-இல் எடுத்த 'களவாணி'யில் சமதளம் ஒரு குறையாகவே தெரியவில்லை. எதிரே வரும் சைக்கிள் அரை மைல் தூரத்திலேயே தெரிந்துவிடும் ஊரில் காதலை எப்படி மறைப்பது என்பதே அங்கே காட்சிக்கு உயிர். அவருடைய 'சண்டி வீரன்' படத்தில் இரண்டு ஊர்களுக்கிடையே தண்ணீருக்காகத் தகராறு. தண்ணீர் இங்கே அழகுக்கு ஓடுவதில்லை என்பதை அறிந்தவர் எடுத்த படம்.

பிரேம்குமாரின் 'மெய்யழகன்' (2024) வேறு வகை. 1996-இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டைவிட்டுப் போனவன், பல ஆண்டு கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். பெயர் மாற்றாமல் நீடாமங்கலத்தை நீடாமங்கலம் என்றே சொன்னது பெரிய காரியம். பஸ்ஸும் பழைய சைக்கிளும் இரவுப் பேச்சுமாக அந்த வட்டாரத்தின் நிதானம் அதில் இருந்தது. படம் வெளியான சில நாட்களில் நீளம் அதிகம் என்று சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். எனக்கு அது இழப்பு. டெல்டாவில் பேச்சு அப்படித்தான் நீளும்.

ஆனாலும் அந்தப் படம் ஊரைவிட்டுப் போனவனின் கண் வழியாகவே டெல்டாவைப் பார்க்கிறது. அந்தக் கண்ணுக்கு வீடு தெரியும், உறவு தெரியும். வயல் பின்னணியில் நின்றுவிடும். நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் ஈரப்பதத்துக்குப் பயந்து நெல்லைச் சாலையில் கொட்டிக் காயவைத்துக் காவல் கிடப்பவர்களும், மேற்கு வங்கத்திலிருந்து வந்து நடவு நடுபவர்களும் இன்றைய தஞ்சைதான். அவர்களுக்கு இன்னும் கேமரா வரவில்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசையில் எரிந்துபோனார்கள். அந்தக் கொடுமையைப் பின்னணியாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலை வைத்து ஸ்ரீதர் ராஜன் எடுத்த 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' 1983-இல் வந்தது. கோயிலையும் அக்ரகாரத்தையும் மிராசு வீட்டையும் காட்டிய படங்களோடு ஒப்பிட்டால், கூலிக்கு வயலில் இறங்கியவர்களைக் காட்டியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

படம் எடுத்த இடத்தையே சுற்றுலாவாக்கும் தொழில் இங்கிலாந்தில் எவ்வளவோ முன்னே போயிருக்கிறது. 'டவுன்டன் அபி' தொடர் எடுத்த ஹைகிளியர் கோட்டைக்கு, தொடர் 2010-இல் தொடங்கியபின் கூட்டம் குவிந்தது. அந்த வருமானம் கட்டடத்தைப் பழுதுபார்க்க உதவியது. லேகாக் கிராமத்தின் பெரும்பகுதி நேஷனல் டிரஸ்ட் கையில் இருக்கிறது. 'ஹாரி பாட்டர்' காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டன. எந்தக் காட்சி எந்தத் தெருவில் எடுத்தது என்று அங்கே சொல்லிவிடுகிறார்கள்; இடத்துக்குப் பெயரும் போகிறது, பணமும் போகிறது. நம்மிடம் இல்லாத நேர்மை அது. அதன் குறையும் அங்கேயே இருக்கிறது: பிரபு வீட்டு வாழ்க்கை அழகாகத் துடைத்துவைக்கப்பட்டு விற்பனைக்கு வருகிறது. மிராசு வீட்டுத் திண்ணையைக் காட்டும் நம் படங்களும் அதே ஆசையில் பிறந்தவைதான்.

டவுன்டன் ஊரின் ஆஸ்பத்திரியாகத் தொடரில் வந்தது பாம்ப்டன் கிராமத்து நூலகக் கட்டடம். தஞ்சாவூரில் இதற்கு எதிர்ப்பக்கமான ஒன்று நடந்தது. இங்குள்ள ராசா மிராசுதார் அரசு மருத்துவமனையில் படப்பிடிப்புக்கு வந்த நடிகை ஜோதிகா, 2020-இல் ஒரு விருது மேடையில், கோயிலைப் பராமரிப்பதுபோல் மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் பராமரிக்க வேண்டும் என்று பேசினார். கோயிலை அவமதித்ததாகப் பெரிய சர்ச்சை கிளம்பியது. மருத்துவமனை வளாகத்தைச் சுத்தம் செய்தபோது பாம்புகள் பிடிபட்ட செய்தியும் வந்தது. அதே ஆண்டு ஜோதிகா அந்த மருத்துவமனைக்கு 25 லட்சம் ரூபாய் கொடுத்தார். செட் போட்டு எடுத்திருந்தால் சுவரில் புதுப் பெயின்ட் இருந்திருக்கும். மருத்துவமனையின் நிலை ஊருக்குள்ளேயே கிடந்திருக்கும். கோடிக்கணக்கில் செலவழித்து ஓர்ச்சாவுக்குப் போன சினிமா தஞ்சாவூருக்கு இப்படி எதையும் விட்டுச் செல்லவில்லை. ஒரு சாதாரணக் குடும்பக் கதைக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் இறங்கிய படக்குழு விட்டுச் சென்றது.