செப்பாங் மழையும் செலவு வரம்பும்

2012 மார்ச் 25, ஞாயிறு மாலை. மலேசியாவின் செப்பாங்கில் ஃபார்முலா 1 பந்தயத்தின் நடுவே மழை கொட்டித் தீர்த்தது. சில சுற்றுகளிலேயே பந்தயத்தை நிறுத்தி, கார்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். அந்த நேரத்துப் பட்டியலில் பத்தாவது இடத்தில் இருந்த பெயர் நரேன் கார்த்திகேயன். ஒரு வாரம் முன்புதான் மெல்பர்னில், வேகம் போதவில்லை என்று அவருடைய எச்.ஆர்.டி. அணியின் இரண்டு கார்களையும் பந்தயத்தில் ஓடவே விடவில்லை. செப்பாங்கில் மற்றவர்கள் அரைஈரத்துக்கான டயரில் கிளம்ப, இந்த ஏழை அணி கனமழை டயர் மாட்டிக் கிளம்பியிருந்தது. கோயம்புத்தூர்க்காரர் ஃபெராரிக்கும் மெக்லாரனுக்கும் பக்கத்தில் நின்றார். சிறிய அணியான சௌபரில் ஓட்டிய செர்ஜியோ பெரெஸ் அன்று இரண்டாம் இடத்தில் முடித்தார். தடம் காயக் காய நரேன் பின்னுக்குப் போனார். பணம் பழையபடி வேலை செய்யத் தொடங்கியது.

மழை சிறிது நேரம் செய்த வேலையை ஒரு சட்டம் ஆண்டு முழுவதும் செய்ய முடியுமா? 2021இல் ஃபார்முலா 1 கொண்டுவந்த செலவு வரம்பின் அடிப்படைக் கேள்வி இதுதான். அதற்கு முன் பெரிய அணிகள் ஆண்டுக்கு 400 மில்லியன் டாலருக்கு மேல் கொட்டிக்கொண்டிருந்தன. கடைசி வரிசை அணிகள் அதில் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டவே திண்டாடின. முதலில் 175 மில்லியன் என்று பேசி முடித்த வரம்பை, கோவிட் காலத்து நெருக்கடியில் 145 மில்லியனாகக் குறைத்தார்கள். 2022இல் 140, 2023இல் 135 என்று அது இறங்கியது. பணவீக்கத்துக்கும் கூடுதல் பந்தயங்களுக்கும் மேலே கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்.

மலேசியர்களுக்கு இந்தக் கதை 2021இல் தொடங்கவில்லை. 2009இல் உலக மோட்டார் பந்தய நிர்வாக அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் அன்றைய தலைவர் மேக்ஸ் மோஸ்லி, அடுத்த ஆண்டு முதல் 40 மில்லியன் பவுண்டு வரம்பை ஏற்கும் அணிகளுக்குத் தொழில்நுட்பச் சலுகைகள் உண்டு என்று அறிவித்தார். ஃபெராரி பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போனது. எட்டு அணிகள் தனிப் பந்தயத் தொடர் நடத்தப்போவதாக மிரட்டின. ஜூன் மாதத்துக்குள் அந்த வரம்பு கைவிடப்பட்டது. அதை நம்பி விண்ணப்பித்த புதிய அணிகள் மட்டும் உள்ளே நின்றன. சென்னையின் கருண் சந்தோக் 2010இல் பஹ்ரைனில் அறிமுகமானபோது, அவற்றில் ஒன்றான எச்.ஆர்.டி.யின் காரில் அவர் ஓட்டிய முதல் சுற்றே தகுதிச் சுற்றுதான். அதற்கு முன் ஒரு நாள் சோதனை ஓட்டம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 2009இல் ஏர் ஆசியாவின் டோனி ஃபெர்னாண்டசுக்கும் ஓர் இடம் கிடைத்தது. லோட்டஸ் என்ற பெயரில், மலேசியாவின் கொடியோடு அணி களமிறங்கியது. தொழிற்சாலை இங்கிலாந்தில் இருந்தது. ஜார்னோ ட்ரூலி, ஹெய்க்கி கோவலைனன் என்று ஏற்கெனவே பந்தயம் வென்ற இருவர் ஓட்டினார்கள். ஆர்வத்துக்கும் அனுபவத்துக்கும் குறைவில்லை. ஆனாலும் 2010 முதல் 2014 வரை, கேட்டர்ஹாம் என்று பெயர் மாறிய பிறகும், அந்த அணி ஒரு புள்ளிகூடப் பெறவில்லை.

2014 மார்ச் 30, மீண்டும் செப்பாங். லூயிஸ் ஹாமில்டனும் நிக்கோ ரோஸ்பெர்க்கும் மெர்சிடிஸுக்கு முதல் இரண்டு இடங்களையும் பிடித்தார்கள். இருவர் காரிலும் மலேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸின் பெயர். கேட்டர்ஹாமின் கமூய் கொபயாஷி 13ஆவது. இரட்டைக் கோபுரத்து எண்ணெய்ப் பணம் உலகின் மிக வலுவான அணிக்குள் ஓடிய அதே ஆண்டு, மலேசியர் தொடங்கிய அணி கைமாறி, அக்டோபரில் திவால் நிர்வாகத்தின் கைக்குப் போனது. இரண்டு பந்தயங்களைத் தவறவிட்டு, ரசிகர்களிடம் இணையம் வழியாகக் காசு திரட்டி அபுதாபியில் கடைசியாக ஓடியது. பெட்ரோனாஸைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. விளம்பரதாரர் ஜெயிக்கிற குதிரையைத்தான் தேடுவார். குறை ஆட்டத்தின் அமைப்பில் இருந்தது. வாக்குறுதி தந்த வரம்பு அன்றே வந்திருந்தால் கேட்டர்ஹாம் ஜெயித்திருக்கும் என்று சொல்ல முடியாது. பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

தாமதமாக வந்தாலும் வரம்பு வேலை செய்திருக்கிறது. இதை மறுப்பது நேர்மையாகாது. 2023 தொடக்கத்தில் பின்வரிசையில் தவித்த மெக்லாரன், 2024இல் அணிகளுக்கான பட்டத்தை 1998க்குப் பிறகு முதல்முறையாக வென்றது. அந்த ஆண்டு ஏழு ஓட்டுநர்கள் ஆளுக்கு இரண்டு பந்தயமாவது வென்றார்கள். முன்னால் இருப்பவருக்குக் காற்றுச் சுரங்கச் சோதனை நேரம் குறைவு, பின்னால் இருப்பவருக்கு அதிகம் என்ற துணை விதியும் கைகொடுத்தது. பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் இரவு 9 மணிக்கு ஐரோப்பியப் பந்தயத்தைப் போட்டுவிட்டு, யார் ஜெயிப்பார்கள் என்று தே தாரிக் ஆறும்வரை வாதாட இப்போது விஷயம் இருக்கிறது. 2014க்குப் பிறகு பல ஆண்டுகள் அந்த வாதம் மெர்சிடிஸ் என்ற ஒரே சொல்லில் முடிந்துபோகும்.

ஓட்டைகளும் சிறியவை அல்ல. ஓட்டுநர் சம்பளம் கணக்கில் வராது. அதிகச் சம்பளம் வாங்கும் மூன்று அதிகாரிகளும் வெளியே. விளம்பரம் வெளியே. இயந்திரத்துக்குத் தனி வரம்பு. அதாவது உச்சியில் இருப்பவர்களின் ஊதியத்துக்குக் கடிவாளம் இல்லை. பட்டறையில் ஸ்பேனர் பிடிப்பவரின் கூடுதல் நேரப் படிக்கு உண்டு.

தண்டனை இன்னும் பலவீனமானது. 2021ஆம் ஆண்டுக் கணக்கில் ரெட் புல் 1.86 மில்லியன் பவுண்டு, அதாவது 1.6 விழுக்காடு, வரம்பைத் தாண்டியது. பணியாளர் சாப்பாட்டுச் செலவு முதல் பல இனங்கள் தவறாகக் காட்டப்பட்டிருந்தன. வரிச் சலுகையைச் சரியாகக் கணக்கிட்டிருந்தால் மீறல் அரை விழுக்காட்டுக்கும் கீழே வந்திருக்கும் என்று எஃப்.ஐ.ஏ.வே சொன்னது; அணிக்குச் சாதகமான அந்த உண்மையையும் சேர்த்தே பார்க்கவேண்டும். 2022 அக்டோபரில் 7 மில்லியன் டாலர் அபராதமும், காற்றுச் சுரங்க நேரத்தில் 10 விழுக்காடு வெட்டும் விதித்தார்கள். அடுத்த ஆண்டு அதே அணி 22 பந்தயங்களில் 21ஐ வென்றது. அபராதத் தொகையை வரம்புக்குள் எழுதவேண்டியதும் இல்லை. பணக்கார அணிக்கு அது கட்டிவிட்டுப் போகிற சம்மன் மாதிரிதான்.

பழைய பணம் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. வரம்பு வருவதற்கு முன்பே பெரிய அணிகள் காற்றுச் சுரங்கம், கணினி வசதி, இயந்திரக்கூடம் எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டன. வில்லியம்ஸ் அணிக்கு 2023இல் தலைமையேற்ற ஜேம்ஸ் வௌல்ஸ், சுமார் 20,000 உதிரிபாகங்களின் பட்டியல் ஒரே எக்செல் கோப்பில் கிடப்பதைக் கண்டார். எந்தப் பாகம் எங்கே இருக்கிறது, எப்போது வரும் என்று அதில் தேடி எடுப்பதே பெரும்பாடு. அதை மாற்ற முதலீடு வேண்டும். முதலீட்டுக்கும் தனி வரம்பு இருந்தது. அவர்கள் முறையிட்ட பிறகே பின்தங்கிய அணிகளுக்கு அது தளர்த்தப்பட்டது. மாடி கட்டி முடித்தவனுக்கும் அஸ்திவாரம் தோண்டுபவனுக்கும் ஒரே அளவு சிமெண்ட் கொடுப்பது சமநீதி ஆகாது.

வாசல் கதவையும் பார்க்கவேண்டும். செலவு கட்டுக்குள் வந்ததும் அணிகள் லாபம் தரும் சொத்தாகிவிட்டன. 2020இல் 152 மில்லியன் யூரோவுக்குக் கைமாறியது வில்லியம்ஸ். இன்று கடைசி அணிகளே பில்லியன் டாலருக்கு மேல் மதிப்பிடப்படுகின்றன. புதிதாக வருபவர் மற்ற அணிகளுக்கு இழப்பீடாக 200 மில்லியன் டாலர் கட்டவேண்டும் என்று 2021 ஒப்பந்தம் எழுதியது. 2026இல் நுழைவதற்குக் கேடிலாக் 450 மில்லியன் கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. சிறியவர்களைக் காக்க வந்த விதி உள்ளே இருந்த சிறியவர்களைக் காத்தது. இன்னொரு ஃபெர்னாண்டஸ் இன்று வாசலில் நின்றால், 2009இல் அவருக்குக் கிடைத்த இடம் கிடைக்காது.

காருக்குள்ளேயே செலவைக் கட்டுப்படுத்தும் பழைய வழி ஒன்றும் உண்டு. அதில் மலேசியாவுக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. உலக ரேலியின் உற்பத்திக் கார் பிரிவில், கடையில் விற்கும் காரை அதிகம் மாற்ற விதி இடம்தரவில்லை. 2002இல் கரம்ஜித் சிங், துணை ஓட்டுநர் அலன் ஓவுடன் புரோட்டான் காரில் அந்தப் பிரிவின் உலகப் பட்டத்தை வென்றார். கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய்யவேண்டிய அவசியமே அங்கே எழவில்லை; பானட்டைத் திறந்து பார்த்தால் போதும். மலேசியாவில் 2017இல் தொடங்கிய வியோஸ் சேலஞ்ச் கார்ப் பந்தயமும் ஒரே ரகக் கார் என்ற அதே கொள்கையில் நடப்பதுதான். ஆனால் இந்த வழி பொறியாளரின் கற்பனையைப் பூட்டிவிடும். புதிது கண்டுபிடிப்பதையே உயிராகக் கொண்ட ஃபார்முலா 1க்கு அது முழுமையாகப் பொருந்தாது.

அந்த வழி அதிகம் தேவைப்படும் இடம் கார்ட் பந்தயம். பெரும்பாலான ஓட்டுநர்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள். கிள்ளானிலிருந்தோ ஷா ஆலாமிலிருந்தோ எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிவரும் குடும்பத்துக்கு, ஃபார்முலா 1 அணிகளின் செலவு வரம்பால் ஒரு காசு மிச்சமில்லை. ரோட்டாக்ஸ் போன்ற தொடர்களில் இயந்திரத்துக்கு முத்திரை வைக்கிறார்கள்; பந்தய நாளில் இத்தனை டயர்தான் என்று எண்ணிக்கை போடுகிறார்கள். பந்தயம் இல்லாத வாரங்களில், பயிற்சிக்கு எத்தனை செட் புது டயர் போடலாம், எத்தனை நாள் தடத்தை வாடகைக்கு எடுக்கலாம் என்பதெல்லாம் அப்பாவின் பையைப் பொறுத்தது.