கப்பலும் மாலுமியும்

‘ஓட்டைக் கப்பலுக்கு ஒன்பது மாலுமி’ என்பது பழமொழி. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில், கடலைக் காணாது வளர்ந்த பிள்ளைகளுக்கும் இவ்விரு சொற்களும் அயலானவை அல்ல. நம் முன்னோர் ‘கப்பலேறி வந்தவர்கள்’. 1926இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’, 1973 வரை நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் இணைத்து ஓடியதை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். கப்பல் என்றதும் மாலுமி என்று நாவில் வருமளவிற்கு இச்சொற்கள் இணைந்துவிட்டன. எனினும், இவற்றின் பிறப்பு ஒன்றன்று.

வகுப்பறையில் இச்சொற்களை நாம் இருவகையில் சிதைக்கிறோம். கலம், வங்கம், நாவாய், கப்பல் எனவும், மீகாமன், மாலுமி எனவும் ஒருபொருட் பன்மொழிப் பட்டியலாக்கி மனனம் செய்விப்பது ஒன்று. மாணவன் ‘மாலுமி’ என்று எழுதினால் சிவப்பு மையால் அடித்து, ‘மீகாமன்’ எனத் திருத்துவது மற்றொன்று. முன்னது வேறுபாட்டை மறைக்கிறது. பின்னது வரலாற்றை அழிக்கிறது.

மாலுமி என்பது ‘முஅல்லிம்’ எனும் அரபுச் சொல்லின் வழிவந்தது. அதன் நேர்பொருள் ஆசிரியர், கற்பிப்பவர் என்பதாகும். விண்மீன்களை அளந்து, காற்றின் பருவமறிந்து, கலத்திற்கு வழிகூறும் அறிஞரை அரபுக் கடலோடிகள் இப்பெயரால் அழைத்தனர். 15ஆம் நூற்றாண்டில் கடல்வழி நூல்கள் இயற்றிய இப்னு மாஜித் அத்தகைய ஒருவரே. ஆகவே, மாலுமி என்பான் கயிறிழுக்கும் கப்பலாள் அல்லன். கலத்தின் போக்கை அறுதியிடுபவன். இன்றைய வழக்கில் கப்பல் ஊழியர் அனைவரையும் அச்சொல் குறிப்பது பொருள் விரிவாகும்.

இதனை அறிந்தாலன்றிப் பழமொழியின் சுவை புலப்படாது. ஓட்டைக் கப்பலில் ஒன்பது ஊழியர் இருப்பதில் நகைப்பிற்கு இடமில்லை; நீரிறைக்க அவர்கள் வேண்டப்படுபவரே. ஆனால், மூழ்கும் கலத்திற்கு வழிகூற ஒன்பது தலைவர்கள் என்றால், அங்கே எள்ளல் பிறக்கிறது. சொல்லின் வேரை மறந்தால் பழமொழியின் கூர்மையும் மழுங்கிவிடும்.

இனி, கப்பல். இது நாம் கொடுத்த சொல். மலாய்மொழியின் ‘காப்பால்’ தமிழ்க் கப்பலே என்பது மொழியறிஞர் ஏற்ற கருத்து. முஅல்லிமும் ‘மாலிம்’, ‘முஆலிம்’ என மலாயில் வழங்கி, சமய ஆசிரியரையும் கப்பலுக்கு வழிகாட்டுபவரையும் குறிக்கின்றது. மற்றோர் இணையான சுக்கானும் நங்கூரமும் நாம் பெற்றவை: முன்னது அரபு; பின்னது பாரசீகத்து ‘லங்கர்’. அயல்நாட்டு வணிகரோடு நம்மவர் துறைமுகங்களில் ஒன்றாக உழைத்ததற்கு இச்சொற்களே சான்று.

அவ்வாறாயின் பழந்தமிழ்ச் சொற்களைக் கைவிடலாமா எனில், கூடாது. அகநானூற்றின் 255ஆம் பாடல், உயர்ந்த மாடத்தின் எரிவிளக்கை நோக்கி வங்கத்தைச் செலுத்தும் நீகானைக் காட்டுகிறது. அரபுச் சொல் வருமுன்பே நம்மிடம் கடலறிவும் அதற்குரிய சொல்லும் இருந்தன என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? நீகானை மாணவர்க்குக் கற்பிப்போம். அதற்காக மாலுமியைக் கடலில் தள்ள வேண்டுவதில்லை. தமிழின் தொன்மைக்கு ஒன்றும், அதன் உறவின் அகலத்திற்கு மற்றொன்றும் சான்று பகர்கின்றன.

ஈப்போவிலிருந்து தெற்கே சென்றால் பேராக்கின் எல்லையில் தஞ்சோங் மாலிம் உள்ளது. 1922இல் அங்குத் தொடங்கப்பெற்ற ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியற் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அவ்வூர் அடங்கிய பகுதி 2016இல் முஅல்லிம் என்னும் பெயரிலேயே தனி மாவட்டமாயிற்று. அவ்வூர்ப் பெயரைப் பலகையில் காணும் தமிழாசிரியர், தம் மாணவன் எழுதிய மாலுமி என்ற சொல்லை அடிக்குமுன் சற்றே எண்ணிப் பார்ப்பாராக. அவர் அடிக்க முனைவது ‘ஆசிரியர்’ என்னும் சொல்லையே ஆகும்.